தடிமனுக்கு ஊசியா? இன்புளுவென்சாவும் அதன் பெருந்தொற்றுகளும்

திருகோணமலையில் வாடைக் காற்று தொடங்கி மழை பிடித்துக்கொண்டால் பாமசிகளில் சனம் கூடிவிடும். இருமல், காய்ச்சல், உடம்பு நோ. யாரைக் கேட்டாலும் “வைரஸ் காய்ச்சல்” என்பார்கள். எந்த வைரஸ் என்று விசாரிப்பவர்கள் குறைவு. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்து, இரண்டு பெனடோல் போட்டு, போர்த்துக்கொண்டு படுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கிழமையில் சரியாகிவிடும். அதனால்தான் இதற்கும் ஓர் ஊசி இருக்கிறது, அதை ஒவ்வொரு வருடமும் போட வேண்டும் என்று டொக்டர் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறோம். “தடிமனுக்கு ஊசியா? அதுவும் வருசா வருசமா?”

கேள்வி நியாயமானதுதான். குழந்தையாக இருந்தபோது போட்ட சின்னமுத்து ஊசி வாழ்நாள் முழுவதும் காவல் இருக்கிறது. இன்புளுவென்சா ஊசி மட்டும் ஏன் ஒரு வருடத்தில் பழசாகிப் போகிறது? இதற்குப் பதில் சொல்ல அந்த வைரசின் குணத்தையும், அது உலகத்தைச் சுற்றி வந்த நாலைந்து தடவைகளையும் பார்க்க வேண்டும். எல்லாத் தடவையும் மனிதர்கள் ஒரே பிரச்சினையில்தான் மாட்டியிருக்கிறார்கள்: நேரம். வைரஸ் வந்து சேர எத்தனை நாள், ஊசி வந்து சேர எத்தனை நாள்.

தடிமன் வேறு, இன்புளுவென்சா வேறு

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தடிமன் என்று நாம் சொல்வதை உண்டாக்க இருநூறுக்கு மேற்பட்ட வைரஸ்கள் இருக்கின்றன. அது மூக்கில் மெதுவாகத் தொடங்கும். ஆள் எழுந்து நடமாடுவார், வேலைக்கும் போவார். இன்புளுவென்சா அப்படி இல்லை. காலையில் சுகமாகக் கடைக்குப் போனவர் பின்னேரம் கட்டிலில் கிடப்பார். குளிர் காய்ச்சல், தலையிடி, முதுகும் காலும் முறித்துப்போட்டதுபோல் நோ, வறட்டு இருமல். தொற்றிய ஒன்றிலிருந்து நாலு நாட்களுக்குள் இது தெரியவரும். நோய் வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அந்த ஆள் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். இந்த நோயைக் காவலில் வைப்பது ஏன் கடினம் என்பதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு நாள்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெருந்தொற்று எதுவும் இல்லாத சாதாரண வருடத்திலேயே இன்புளுவென்சாவால் வரும் சுவாசக் கோளாறுகளில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் முதியவர்களும், ஏற்கெனவே வேறு வருத்தம் உள்ளவர்களும்.

(எங்கள் பக்கத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் நின்றால் இரத்தம் சோதித்துப் பார்ப்பதே புத்தி.)

எட்டுச் சீட்டு

இன்புளுவென்சா வைரசில் ஏ, பி என்ற இரண்டு வகைகள்தான் மனிதருக்குப் பெரிய தொல்லை. பி வகை வருடாந்தக் காய்ச்சலோடு நின்றுவிடும். உலகத்தையே புரட்டிப்போடுவது ஏ வகை. அதன் உருண்டை உடம்பில் இரண்டு விதமான முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஹீமக்குளூட்டினின் என்ற முள்ளால் அது நம் தொண்டை, சுவாசக்குழாய்க் கலங்களில் ஒட்டிக்கொள்கிறது. நியூராமினிடேஸ் என்ற முள், உள்ளே பெருகிய புது வைரஸ்களை வெட்டி வெளியே விடுகிறது. எச்1என்1, எச்3என்2 என்று செய்திகளில் வரும் பெயர்கள் இந்த இரண்டு முட்களின் இனத்தைத்தான் சொல்கின்றன. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டு வைத்துக்கொள்வதும் முக்கியமாக இந்த முட்களைத்தான்.

வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அதைப் பிரதி எடுக்கும்போது பிழை பிடிப்பார் யாரும் இல்லை. ஆகவே பிரதிக்குப் பிரதி சிறு சிறு பிழைகள் விழும். வருடத்தில் முள்ளின் முனை கொஞ்சம் வேறு விதமாகிவிடும். போன வருடத்துக் காய்ச்சலில் உடம்பு கற்றுக்கொண்ட அடையாளம் இந்த வருடம் பாதிதான் பொருந்தும். ஊசியை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம்.

இது சின்ன மாற்றம். பெருந்தொற்றைக் கொண்டுவருவது வேறொன்று. 304 என்ற சீட்டாட்டம் விளையாடத் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்வது சுலபம். நாலு பேர் விளையாடினால் ஆளுக்கு எட்டுச் சீட்டு. இந்த வைரசின் மரபுப்பொருளும் அதேபோல் எட்டுத் துண்டுகளாகத்தான் இருக்கிறது. ஒரே கலத்துக்குள் ஒரே நேரத்தில் இரண்டு வேறு வைரஸ்கள் புகுந்துவிட்டால், உதாரணத்துக்கு ஒன்று மனிதருடையது, மற்றது பறவையுடையது என்றால், இரண்டு கைச் சீட்டும் ஒன்றாகக் கலைந்துவிடும். வெளியே வரும் புது வைரஸ் இதில் ஐந்து, அதில் மூன்று என்று எட்டைப் பொறுக்கிக்கொண்டு வரும். அப்படி வரும்போது ஒட்டும் முள்ளைத் தீர்மானிக்கும் சீட்டு பறவையுடையதாக இருந்துவிட்டால், உலகத்தில் அனேகமாக யாருடைய உடம்புக்கும் அதை முன்பின் தெரியாது. மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பு கைமாறிவிட்டது. பெருந்தொற்று என்பது அந்த நிலைமைதான்.

இந்தச் சீட்டுகளின் பெரிய களஞ்சியம் காட்டு நீர்ப்பறவைகள். வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து நம் களப்புகளில் வந்து இறங்கும் வாத்தினங்களும் அந்தக் குடும்பத்தவைதான். அவற்றில் பலவற்றுக்கு இந்த வைரசால் பெரிய நோய்கூட வருவதில்லை. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பறவையிலிருந்து மனிதருக்குத் தாவுவது அபூர்வம். ஆனால் அபூர்வம் என்றால் நடக்காது என்று அர்த்தமில்லை.

1918

எங்கள் துறைமுகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட கதைக்குப் போய்விடுவார்கள். அதற்கு முந்திய உலக யுத்தம் முடியும் தறுவாயில் வந்த காய்ச்சலைப் பற்றிக் கதை சொல்ல ஆளில்லை. குண்டுக்குக் கிடைத்த இடம் காய்ச்சலுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காய்ச்சலில் இலங்கையில் இறந்தவர்களின் தொகையோ குண்டுவீச்சில் இறந்தவர்களைப்போல் பல நூறு மடங்கு.

1918 மார்ச்சில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஓர் இராணுவ முகாமில் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். நோய் அங்கேதான் பிறந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் சிப்பாய்களோடு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. யுத்தத்தில் இருந்த நாடுகள் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருந்தன. யுத்தத்தில் சேராத ஸ்பெயின் மட்டும் எழுதியது. எழுதிய பாவத்துக்கு நோய்க்கே ஸ்பெயினின் பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் அலை அவ்வளவு மோசமில்லை. ஓகஸ்ட் மாதத்தில் வந்த இரண்டாவது அலைதான் கொன்றது. அது ஏறத்தாழ ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் வெடித்தது: பிரான்சின் பிரெஸ்ட், அமெரிக்காவின் பொஸ்டன், மேற்கு ஆபிரிக்காவின் பிரீடவுன். மூன்றும் துறைமுகங்கள். அதற்கு முன்பே, ஜூன் 10ஆம் திகதி, பம்பாயில் பொலிஸ் சிப்பாய்கள் ஏழு பேர் இனந்தெரியாத காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவலுக்கு நின்றவர். அங்கிருந்து ரயில் பாதை வழியே இந்தியா முழுவதும் பரவியது. இந்தியாவில் மட்டும் 1 கோடி 20 லட்சம் முதல் 2 கோடி வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். குடிசன மதிப்பீட்டில் இந்தியாவின் சனத்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்த ஒரே பத்தாண்டு 1911 முதல் 1921 வரையானது.

இலங்கைக்கு அது வராமல் இருக்க வழியே இல்லை. ஒரு பக்கம் கொழும்புத் துறைமுகம், மறுபக்கம் 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை. 1918இன் கடைசி மாதங்களிலும் 1919இன் தொடக்கத்திலும் தீவு முழுவதும் சாவு எகிறியது. எவ்வளவு பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. பழைய கணக்கு ஒன்று ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றது. அண்மைய ஆய்வு ஒன்று குடிசன மதிப்பீடுகளை ஒப்பிட்டுப் பார்த்து 3 லட்சத்துக்கு மேல் என்கிறது. உலகக் கணக்கிலும் இதே இழுபறிதான்: 1 கோடி 70 லட்சம் என்பாரும் உண்டு, 5 கோடி என்பாரும் உண்டு, 10 கோடி வரை போவாரும் உண்டு. பிணங்களை எண்ண ஆளில்லாத இடங்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள்.

இன்னொரு விசித்திரம். இன்புளுவென்சா வழக்கமாகக் குழந்தைகளையும் கிழவர்களையும் தேடிப் பிடிக்கும். 1918இல் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமானவர்கள் ஏராளமாக விழுந்தார்கள். பலரைக் கொன்றது வைரஸ் பழுதாக்கிய நுரையீரலில் பிறகு புகுந்த பக்டீரியா. அதற்கு மருந்து இருக்கவில்லை; பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல்தான்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தீவு

1918இல் எனக்கு மறக்காத கதை சமோவாவினுடையது. துறைமுக ஊர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கதை என்பேன்.

நவம்பர் 7ஆம் திகதி ‘தலூன்’ என்ற கப்பல் நியூசிலாந்தின் ஓக்லாந்திலிருந்து வந்து மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் நின்றது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். தடுத்து வைக்க வேண்டிய அதிகாரிகள் தடுக்கவில்லை. பயணிகள் இறங்கினார்கள், வீடுகளுக்குப் போனார்கள். சில கிழமைகளில் ஊர் ஊராகச் சமைக்கவும் ஆளில்லை, புதைக்கவும் ஆளில்லை. 38,000 பேரளவில் இருந்த சனத்தொகையில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்துபோனார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

அதே நேரம் கிழக்கே, படகில் போய்வரும் தூரத்தில், அமெரிக்காவின் கையிலிருந்த மற்றச் சமோவா. ஆளுநர் ஜோன் பொயர் செய்தியைக் கேட்டதும் கப்பல்களை நிறுத்திவைத்தார். உள்ளூர் மக்களே கரையோரத்தில் காவல் நின்று, மேற்கிலிருந்து உறவினர்கள் வந்த படகுகளைக்கூட திருப்பி அனுப்பினார்கள். கல் மனசு வேண்டும் அதற்கு. அங்கே அந்தப் பெருந்தொற்றில் ஒருவர்கூட இறக்கவில்லை.

தனிமைப்படுத்தலின் பலம் இதில் பளிச்சென்று தெரிகிறது. அதன் குறையும் இதிலேயே இருக்கிறது. கடலை மூடி வைப்பது நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். ஒரு தீவு கப்பல் இல்லாமல் எத்தனை மாதம் இருக்கும்? வாங்கிய நேரத்தில் கையில் கொடுக்க ஏதாவது இருந்தால்தான் அதற்குப் பெறுமதி. 1918இல் கையில் ஒன்றும் இருக்கவில்லை. ஊசி போட்டார்கள், இல்லை என்றில்லை. ஆனால் இன்புளுவென்சாவை உண்டாக்குவது ஒரு பக்டீரியா என்று ஜேர்மன் விஞ்ஞானி பைபர் சொன்னதை நம்பி, அந்தப் பக்டீரியாவுக்கும் அதுபோன்ற வேறு சிலவற்றுக்கும் எதிராகத்தான் ஊசி தயாரித்தார்கள். கள்ளன் ஒருவன், பிடித்தது வேறொருவனை.

உண்மையான ஆளைப் பிடிக்க 1933 ஆனது. லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆன்ட்ரூஸ், பெட்ரிக் லெய்ட்லோ மூவரும் காய்ச்சல்காரரின் தொண்டை கழுவிய நீரைப் பக்டீரியா போகாத அளவுக்கு வடிகட்டி, கீரியைப் போன்ற ஃபெரெட் என்ற பிராணியின் மூக்கில் விட்டார்கள். ஃபெரெட்டுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகொரு தடவை அந்த ஆய்வுகூடத்தில் வருத்தமான ஃபெரெட் ஒன்று ஆய்வாளர் முகத்துக்கு நேரே தும்ம, அவர் படுக்கையில் விழுந்தார். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அவுஸ்திரேலியாவில் மெக்ஃபார்லன் பேர்னெட் வைரசைக் கோழி முட்டைக் கருவில் வளர்க்கும் வழியைச் சீராக்கினார். இன்றும் உலகத்து இன்புளுவென்சா ஊசிகளில் பெரும்பகுதி முட்டையில்தான் பிறக்கிறது. 1945இல் அமெரிக்க இராணுவத்துக்கு முதல் ஊசி கிடைத்தது. 1947இல் அதே ஊசி வேலை செய்யவில்லை. ஊசியில் பிழையில்லை; வைரசின் முள் மாறிவிட்டிருந்தது.

சேவல்களைக் கொல்ல வேண்டாம்

1957 ஏப்ரல் 17. வாஷிங்டனில் இராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த மொரிஸ் ஹில்மன் பத்திரிகையில் ஒரு செய்தியைப் பார்த்தார். ஹொங்கொங்கில் 20,000 பேர் காய்ச்சலோடு மருந்துச்சாலைகளில் வரிசையில் நிற்கிறார்கள். தாய்மாரின் முதுகில் கட்டியிருந்த பிள்ளைகளின் கண்கள் பளபளத்தன என்று எழுதியிருந்தது. வாசித்த மற்றவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். இவருக்கு இது புதுத் துரும்பு என்று பட்டது. மாதிரியை வரவழைத்தார். அமெரிக்கர்களின் இரத்த மாதிரிகளோடு வைத்துப் பார்த்தபோது அனேகமாக ஒருவரிடமும் எதிர்ப்புச் சக்தி இல்லை. எழுபது, எண்பது வயதான ஒரு சிலரிடம் மட்டும் இருந்தது. அவர்கள் 1889–90இல் வந்த பெருந்தொற்றில் பிழைத்தவர்கள்.

ஊசி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அவர் நேரே செய்தி அனுப்பினார். அதில் ஒன்று: கோழிப்பண்ணைக்காரர்கள் வழக்கமாக அந்தப் பருவ முடிவில் சேவல்களைக் கொன்றுவிடுவார்கள்; இந்த வருடம் கொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். சேவல் இல்லாவிட்டால் கருவுள்ள முட்டை இல்லை, முட்டை இல்லாவிட்டால் ஊசி இல்லை. பெரிய விஞ்ஞானத்தின் நடுவில் இப்படி ஒரு கோழிக்கூட்டு விசயம் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த வைரஸ் எச்2என்2. எட்டுச் சீட்டில் மூன்று பறவையிலிருந்து வந்தவை, அந்த மூன்றில் இரண்டு முட்களும் அடக்கம். நம் பக்கத்துக்கும் அது கப்பலில்தான் வந்தது; மே மாதம் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பலோடு மெட்ராஸில் இறங்கியது. செப்டெம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அமெரிக்காவில் வெடிக்கும் என்று ஹில்மன் சொன்னது அப்படியே நடந்தது. அதற்குள் ஊசி வரத் தொடங்கியிருந்தது. வருட முடிவுக்குள் 4 கோடி டோஸ். அது மந்திரம்போல் நோயை நிறுத்தியது என்று சிலர் எழுதுவார்கள். நிறுத்தவில்லை. பல டோஸ்கள் அலை உச்சத்தைத் தொட்ட பிறகே வந்தன. உலகத்தில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் புது வைரசைக் கண்டு சில மாதங்களுக்குள் பொருத்தமான ஊசியை மனிதர் கையில் கொடுத்த முதல் தடவை அதுதான்.

1968இல் எச்3என்2 வந்தது, மறுபடியும் ஹொங்கொங்கில் தலை காட்டி. இம்முறை மாறியது இரண்டு சீட்டு. என்2 என்ற முள் பழையதே. அதனால் 1957இல் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு இருந்திருக்கிறது. ஊசி தாமதமாகவே வந்தது. இறப்பு சுமார் 10 லட்சம்.

1976ஐ மறைத்துவிட்டு ஊசியின் பெருமையைப் பேசுவது நேர்மையில்லை. அமெரிக்காவில் ஓர் இராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் பரவி ஒரு சிப்பாய் இறந்தார். 1918 திரும்பி வருகிறது என்று பயந்து, 4 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். பெருந்தொற்று வரவே இல்லை. ஊசி போட்டவர்களில் ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கியான்–பாரே என்ற நரம்பு வருத்தம் கூடுதலாகக் காணப்பட்டது. டிசெம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். முந்திக்கொண்டாலும் அடி, பிந்தினாலும் அடி. பிறகு வந்த ஊசிகள் இதே கண்ணோடு வருடா வருடம் கண்காணிக்கப்படுகின்றன.

2009 பலருக்கு ஞாபகம் இருக்கும். ஏப்ரலில் மெக்சிக்கோவிலும் கலிபோர்னியாவிலும் புது எச்1என்1; ஜூன் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. பன்றிகளுக்குள் பல தடவை கலைந்து பகிரப்பட்ட சீட்டுகள் அவை. இம்முறை கிழவர்கள் ஓரளவு தப்பினார்கள். 1918 வைரசின் வழிவந்தவற்றை அவர்களுடைய உடம்பு இளமையில் சந்தித்திருந்தது. முதல் வருடத்தில் 1,50,000க்கும் 5,75,000க்கும் இடையில் இறந்திருக்கலாம் என்பது பிற்காலக் கணிப்பு. விமானத்தில் ஏறிய வைரஸ் சில கிழமைகளில் உலகத்தைச் சுற்றியது. ஊசிக்கு ஆறு மாதம் பிடித்தது. ஆறு மாதம் என்பது முட்டையின் கணக்கு. முட்டை தேவைப்படாத எம்.ஆர்.என்.ஏ. முறையில் கோவிட் ஊசி ஒரு வருடத்துக்குள் வந்ததைப் பார்த்தோம். அதே முறையில் இன்புளுவென்சா ஊசியையும் பரிசோதித்து வருகிறார்கள்.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது

இனி ஊசிக்கு வருவோம். கிளினிக்கின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும்போது அந்தச் சின்னப் பெட்டியை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். உள்ளே அரை மில்லிலீற்றர் மருந்து நிரப்பிய ஊசி. வெளியே மணி எழுத்தில் “ஏ/விக்டோரியா/4897/2022 (எச்1என்1)” என்பதுபோல் ஒரு வரி இருக்கும். 2024இல் வந்த முட்டை வழி ஊசிகளில் இருந்த பெயர் அது. ஏ என்பது வகை. விக்டோரியா, மாதிரி எடுத்த இடம், அவுஸ்திரேலிய மாநிலம். 4897 ஆய்வுகூடத்தின் தொடர் இலக்கம். 2022 வருடம். கீழே எச்3என்2 ஒன்று, அதற்கும் கீழே “பி/ஆஸ்திரியா/1359417/2021”. எங்கோ ஒருவருடைய தொண்டையில் எடுத்த சளிதான் உங்கள் கையில் ஏறும் ஊசியின் மூலம்.

இந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 1952இல் ஒரு வலையமைப்பைத் தொடங்கியது. நாடு நாடாக இன்புளுவென்சா ஆய்வுகூடங்கள் மாதிரி சேர்க்கின்றன. இலங்கையில் அந்த வேலை பொரளையிலுள்ள எம்.ஆர்.ஐ. எனப்படும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. பெப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டெம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் எந்த வைரஸ்கள் என்று தீர்மானிப்பார்கள். தீர்மானத்துக்கும் ஊசிக்கும் நடுவில் அதே ஆறு மாதம். அந்த இடைவெளியில் வைரஸ் இன்னொரு பக்கம் திரும்பிவிட்டால் பொருத்தம் குறையும். சில வருடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. முன்பு நாலு வைரஸ்கள் இருந்தன, இப்போது மூன்று. பி வகையின் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் காணப்படவில்லை. கோவிட்டுக்காக நாம் முகக்கவசம் போட்டு வீட்டுக்குள் இருந்ததில் அது அழிந்துபோனது போலிருக்கிறது.

அரைவாசிப் பாதுகாப்புக்கு என்ன பெறுமதி?

பொருத்தம் நன்றாக அமைந்த வருடத்தில் இந்த ஊசி டொக்டரிடம் போகவைக்கும் இன்புளுவென்சாவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. அதாவது ஊசி இல்லாவிட்டால் நூறு பேர் விழுந்திருப்பார்கள் என்றால், ஊசியோடு நாற்பது முதல் அறுபது பேர்தான் விழுவார்கள். சின்னமுத்து ஊசியோடு ஒப்பிட்டால் இது சுமாரான சரக்குத்தான். “பாதிக்குப் பாதி என்றால் எதுக்குக் காசு?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: விழுந்தவர்களிலும் ஊசி போட்டவர்களுக்கு வருத்தம் முற்றுவது குறைவு. ஐம்பத்தைந்து வயதில் சீனி வருத்தமும் இருதய வருத்தமும் உள்ள ஒருவருக்கு, இரண்டு கிழமை வீட்டில் படுப்பதற்கும் நியூமோனியாவோடு வார்டில் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

ஊசியால் காய்ச்சலே வந்துவிட்டது என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கலாம். பொதுவாகப் போடும் ஊசியில் இருப்பது கொன்று துண்டாக்கிய வைரஸ். அதால் இன்புளுவென்சாவை உண்டாக்க முடியாது. உடம்பு பாடம் படிக்கும்போது ஓரிரு நாள் கை நோவும் மேல் காய்ச்சலும் வரலாம். பாடம் முடிய இரண்டு கிழமை ஆகும். அதற்குள் உண்மையான வைரஸ் தொற்றினால் பழி ஊசியில் விழும். தடிமன் வைரஸ்கள் வேறு இருநூறு பக்கத்தில் நிற்கின்றன. இந்த ஊசி அவற்றைத் தொடுவதேயில்லை.

ஊசிக்கு நம் மக்கள் எதிரிகள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளை பிறந்ததும் பீ.சீ.ஜி., இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்து ஊசி என்று மிட்வைஃப் அக்கா அட்டையில் குறித்துத் தந்த திகதியைத் தவறவிடாத ஊர் இது. யுத்த காலத்தில் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் இருந்தன. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். சின்னமுத்து ஒழிந்ததாக 2019இல் சான்று கிடைத்தது. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து ஹஜ்ஜுக்குப் போகும் பெரியவர்களுக்கும் ஊசி புதிதில்லை. மூளைக்காய்ச்சல் ஊசி இல்லாமல் சவூதி விடாது, இன்புளுவென்சா ஊசியையும் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறது.

சிக்கல் வேறிடத்தில். பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடும் தேசிய அட்டவணையில் இன்புளுவென்சா ஊசி இல்லை. பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கடலுக்குப் போனால்தான் அன்றைய சாப்பாடு என்ற குடும்பத்துக்கு, ஐந்து பேருக்கும் ஊசி என்பது சின்னச் செலவில்லை. எல்லோருக்கும் முடியாவிட்டால் யாருக்கு முதலில்? கர்ப்பிணித் தாய்க்கு என்பேன். அவரிடமிருந்து எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகிறது. ஆறு மாதம் வரை பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட முடியாது என்பதால் அந்தக் காலத்துக்கு அது ஒன்றுதான் காவல். அப்புறம் அறுபத்தைந்து தாண்டியவர்கள், தொய்வு, சீனி, இருதயம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களையும் மறக்கக் கூடாது.

எப்போது போடுவது? இலங்கையில் இன்புளுவென்சா வழக்கமாக வருடத்தில் இரண்டு தடவை தலை தூக்கும்: ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிறகு நவம்பரிலிருந்து ஜனவரி வரை. அதற்கு இரண்டு மூன்று கிழமை முந்திப் போட வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டு அரைக்கோளத்து ஊசியும் இங்கே புழங்கலாம். எந்த வருடத்துக்கு, எந்த அரைக்கோளத்துக்கு உரியது என்று கேட்டு, காலாவதித் திகதியையும் பார்த்து வாங்குங்கள். 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. கச்சான் காற்று வீசும் மத்தியான வெயிலில் பாமசியில் வாங்கி, மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போனால் மருந்து கெட்டுவிடலாம். ஐஸ் பைக்குள் வைத்துத் தரச் சொல்லுங்கள், ஆனால் உறையவும் விடக் கூடாது. மருந்தை வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொண்டால் இந்தக் கரைச்சல் இல்லை.

ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் தடவை என்றால் நாலு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி. அடுத்த வருடத்திலிருந்து ஒன்று போதும். கடும் காய்ச்சல் உள்ள நாளில் தள்ளிப் போடலாம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களில் அனேகருக்கு இந்த ஊசியைப் போடலாம் என்றுதான் இப்போதைய மருத்துவ ஆலோசனை, ஆனாலும் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சு அடைத்ததோ மேல் முழுக்கத் தடித்ததோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.